ரெஸ்டிவ்: நிற்கிற குதிரையா, துள்ளுகிற குதிரையா?

ஜூன் 3, காலை 9.40 (கேட்டவர்)

'ரெஸ்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய அகராதி ஒன்றில் 'சண்டித்தனம் செய்கிற, நகர மறுக்கிற' என்று போட்டிருக்கிறது. செய்தித்தாளில் வருவதோ 'ரெஸ்டிவ் கூட்டம்', 'ரெஸ்டிவ் மாகாணம்'. கொந்தளிக்கிற, இருப்புக்கொள்ளாத என்றுதான் எல்லாரும் படிக்கிறோம். ரெஸ்ட் என்றால் ஓய்வு. ஓய்வில்லாதவன் ரெஸ்ட்லெஸ், அவன் தம்பி ரெஸ்டிவ். அகராதிக்காரர் எங்கோ தூங்கிவிட்டார் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜூன் 3, காலை 11.15

அகராதி சரி. உங்கள் கட்சிதான் ஆட்டம் காண்கிறது.

ஓய்வைக் குறிக்கும் ரெஸ்ட் ஜெர்மானிய வழிச் சொல். பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. ரெஸ்டிவ் பிரெஞ்சு வழியாக வந்தது. பழைய பிரெஞ்சில் ரெஸ்டிஃப், அதற்கு முன் லத்தீனில் ரெஸ்தாரே. 'ரெ' என்றால் பின்னே, 'ஸ்தாரே' என்றால் நிற்பது. பின்தங்கி நிற்பது, நின்ற இடத்தை விட்டு அசையாதது. 'மீதி' என்ற பொருளில் வருகிற ரெஸ்ட் இந்த லத்தீன் வீட்டுப் பிள்ளை. அரெஸ்ட்டும் அதே வீடுதான்: ஓடுகிறவனை நிற்க வைப்பது. ஆக, போலீஸ்காரர் கையில் இருப்பது ரெஸ்டிவ்வுக்குப் பங்காளி. தலையணையில் இருப்பது அந்நியன்.

இன்னொரு பங்காளி ஐரோப்பிய வீரர்களின் மார்புக் கவசத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். வலது பக்கம் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும், பெயர் லான்ஸ் ரெஸ்ட். ஈட்டி சாய்ந்து இளைப்பாறுகிற இடம் என்று தோன்றும். அதன் வேலை வேறு: எதிராளியின் மேல் மோதும்போது ஈட்டி பின்னுக்கு வழுக்காமல் தடுத்து நிறுத்துவது. அரெஸ்ட் என்பதன் முதல் அசை உதிர்ந்து இப்படி ஆனது.

சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் இது 'ரெஸ்டிஃப்' என்ற எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. நகர விரும்பாத, முன்னே போகமாட்டேன் என்று தீர்மானித்துவிட்ட, பிடிவாதமான என்று பொருள் தருகிறார். கூடவே ஒரு விளக்கம்: களைப்பே இல்லாதிருந்தும் ஓட்டினால் போகாத குதிரைக்குத்தான் முதலில் இது வழங்கியது என்று. 'களைப்பே இல்லாதிருந்தும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கி நின்ற குதிரை ரெஸ்டிவ் ஆகாது. தெம்போடு நின்று 'உன்னால் ஆனதைப் பார்' என்கிறதே, அதுதான்.

நம் 'சண்டி' இதற்கு அச்சாகப் பொருந்தும். நுகத்தடி கழுத்தில் ஏறியதும் படுத்துக்கொண்டு, வாலை முறுக்கினாலும் எழாத மாட்டைச் சண்டி மாடு என்கிறோம். அதற்குத் தீனி குறைவில்லை, நோயும் இல்லை.

ஜூன் 3, இரவு 10.05

ஜான்சனின் 'ரெஸ்டிஃப்' எப்படி 'ரெஸ்டிவ்' ஆனது என்று கேட்டிருந்தார்கள், சுருக்கமாக.

பிரெஞ்சில் ஆண்பால் ரெஸ்டிஃப், பெண்பால் ரெஸ்டிவ். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச காலம் முழித்தது. சில சொற்களில் இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுத்துவிட்டார்கள். வழக்குத் தொடுப்பவர் 'ப்ளெய்ன்டிஃப்', புலம்பல் தொனி 'ப்ளெய்ன்டிவ்'. பிறப்பில் இரண்டும் ஒரே சொல். நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் ஏன் பிரித்தார்கள் என்றே தோன்றும்.

இன்னொரு வழியும் உண்டு: கடைசி 'ஃப்' ஒலியை உதிர்த்துவிடுவது. ஜோலிஃப் ஜாலி ஆனது, ஹாஸ்டிஃப் ஹேஸ்டி ஆனது, டார்டிஃப் டார்டி ஆனது. அதே அச்சில் ரெஸ்டிஃப், 'ரெஸ்டி' என்றும் நடமாடியது.

இதே கும்பலில் 'டெஸ்டி' இருக்கிறது. இன்று சிடுசிடுப்பு என்று பொருள். தலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் 'டெஸ்ட்'டிலிருந்து வந்த 'டெஸ்டிஃப்' இது. முதல் பொருள் தன் போக்கில் போகிறவன். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு கதையில் இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்களை இந்தச் சொல்லால்தான் அறிமுகப்படுத்துகிறார். அவர்கள் சிடுமூஞ்சிகள் இல்லை, அடங்காத பயல்கள். பிடிவாதத்துக்கு இருந்த சொல் எரிச்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜூன் 4, காலை 8.20 (கேட்டவர்)

ஷேக்ஸ்பியரின் 100-ஆவது சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) 'ரெஸ்டி மியூஸ்' என்று கவிதைத் தேவதையை எழுப்புகிறார். எழுந்திரு என்கிறார். தூங்குகிறவளைத்தானே எழுப்புவார்கள்? ஓய்வு எங்கே போயிற்று?

ஜூன் 4, மதியம் 1.30

நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

அங்கே 'ரெஸ்டி' பிடிவாதம் இல்லை, சோம்பல். சிம்பலின் நாடகத்தில் இன்னும் தெளிவு: களைத்தவன் கருங்கல்லிலும் குறட்டை விடுவான், சோம்பேறிக்கு இறகுத் தலையணையும் உறுத்தும் என்று ஒரு வரி. அந்தச் சோம்பலுக்கு அடைமொழி ரெஸ்டி.

ஆகவே முதல் குறிப்பில் நான் தாண்டிப்போன படி ஒன்று இருக்கிறது. அசையாத என்பதிலிருந்து ஒரு கிளை, அசைய மறுக்கிற என்று போனது. இன்னொன்று அசைய அலுப்புப்படுகிற என்று போனது. இரண்டாவது கிளைக்கு ஓய்வு என்கிற ரெஸ்ட் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். பிறப்பால் அந்நியன்தான், ஆனால் பேசுகிறவன் காது பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. 'தலையணையில் இருப்பது அந்நியன்' என்று எழுதியதை, 'அந்நியன், ஆனால் அடிக்கடி வந்துபோகிறவன்' என்று திருத்திப் படிக்கவும்.

ஜூன் 4, மதியம் 1.50

அந்த லத்தீன் வீட்டிலேயே இன்னும் இருவர்.

ஒன்று 'ரீஸ்டி'. இங்கிலாந்தின் வட்டார வழக்கில் காறல் வாடை அடிக்கிற பன்றிக் கொழுப்பு. மீந்துபோனது, அதனால் கெட்டது. ரெஸ்தாரேவின் 'மீதி' பக்கத்திலிருந்து வந்தது. நம் வீட்டில் மீந்த குழம்பு ஊசிப்போவதுபோல.

மற்றது ஸ்காட்லாந்தின் 'ரீஸ்ட்': வண்டியில் பூட்டிய குதிரை நின்றுகொண்டு நகர மறுப்பது. 1786-இல் வெளிவந்த ராபர்ட் பர்ன்ஸின் முதல் தொகுப்பில், ஒரு கிழ விவசாயி தன் கிழட்டுப் பெண்குதிரைக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் பாட்டு இருக்கிறது. எந்த வண்டியில் பூட்டினாலும் நீ ஒருநாளும் 'ரீஸ்ட்' பண்ணியதில்லை, எவ்வளவு செங்குத்தான மேடானாலும் எதிர்கொள்வாய் என்று பாராட்டுகிறான். வண்டிக்காரன் வாயில் சொல் எந்தப் பொருளில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஜூன் 5, காலை 7.10

'எல்லாம் சரி, நிற்பது எப்படித் துள்ளலாயிற்று?' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதற்கு அகராதியை மூடிவிட்டுக் குதிரையைப் பார்க்க வேண்டும்.

போக மறுக்கிற குதிரை சிலைபோல நிற்கும் என்று நினைப்பவர்கள் குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். நடப்பது இந்த வரிசையில்: முதலில் காது பின்னால் மடங்கும். தலை உயரும், கழுத்து விறைக்கும். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றும். இதுவரை ஜான்சனின் ரெஸ்டிஃப். இப்போது மேலே இருப்பவன் குதிமுள்ளால் குத்துகிறான், சவுக்கை எடுக்கிறான். குதிரை முன்னே போகாது. மற்ற எல்லாத் திசையிலும் போகும். பின்னுக்கு நடக்கும், பிட்டத்தை ஒருபக்கம் வீசும், சுற்றும், கடைசியில் இரண்டு காலில் எழும். இதில் மோசமானது கடைசிதான். ஏறத்தாழ 500 கிலோ உடம்பு நிலை தவறி மல்லாக்க விழுந்தால் அடியில் இருப்பவன் கதி தெரிந்ததே.

மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு இது 'போகமாட்டேன் என்கிறது'. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்கு 'ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது'. குதிரை ஒன்றுதான், நிகழ்ச்சியும் ஒன்றுதான். குதிரை ஏறுகிறவர்கள் குறைந்து வேலிக்கு வெளியே நிற்பவர்கள் பெருகியபோது, சொல்லின் பொருளும் வேலியைத் தாண்டி வந்துவிட்டது. ரெஸ்ட்லெஸ் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்ததால் வேலை இன்னும் சுலபம்.

ஜூன் 5, மாலை 6.45

சண்டிக்குதிரையை எப்படி நகர்த்துவது என்று கேட்ட நண்பருக்கு: இழையின் தலைப்பை விட்டு விலகுகிறோம், பரவாயில்லை.

முதல் கேள்வி வலி எங்கே என்பது. வண்டிக் குதிரையென்றால் தோளில் கழுத்துப்பட்டை உரசிய புண். சவாரிக் குதிரையென்றால் சேணத்துக்கு அடியில் முதுகு, இறுகின வயிற்றுப்பட்டை, கடிவாள இரும்பு கடைவாயைக் கிள்ளுவது. கடைவாய்ப்பற்கள் தேயும்போது ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதை அராவிவிட்டால் பாதிச் சண்டித்தனம் போய்விடும். அந்தப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சின்னப் பல்லில் கடிவாளம் இடித்தாலும் இதே கதை.

வலி இல்லையென்றால் அடுத்த சந்தேகம் மேலே இருப்பவன் மேல். குதிகாலால் 'போ' என்று உதைத்துக்கொண்டே பயத்தில் லகானை இரு கையாலும் இழுத்துப் பிடிப்பான். பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பது இது. குதிரை எதைத்தான் கேட்கும்?

நகர்த்த: நேரே போகச் சொல்லாதீர்கள். ஒரு பக்க லகானை மட்டும் வாங்கி, சின்ன வட்டமாகத் திருப்புங்கள். பின்னங்கால் ஒன்றையொன்று குறுக்கே தாண்டியே ஆகவேண்டும், ஊன்றல் கலைந்துவிடும். இரண்டு மூன்று சுற்று, பிறகு சத்தமில்லாமல் நேராக்குங்கள். பாரவண்டியிலும் இதே தந்திரம். ஜோடிக் குதிரைகள் ஒன்று பாயும்போது மற்றது பின்வாங்கி, அது பாயும்போது இது பின்வாங்கி, ஏற்றப்பலகை ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருக்கும். இழுக்கவிடாமல் இரண்டையும் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் திருப்பிச் சேர்ந்து கால் எடுக்கப் பழக்கினால் வண்டி கிளம்பும். மண்ணில் பதிந்த சக்கரத்தை நேரே இழுப்பதைவிடப் பக்கவாட்டில் அசைத்து எடுப்பது சுலபம் என்பதும் இதில் சேர்த்தி.

இந்த ஜோடிக் குதிரை உபாயம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் சாலமன் ரேரி பரப்பியது. அமெரிக்காவின் ஒஹாயோக்காரர், 1858-இல் லண்டனில், யாராலும் அண்ட முடியாத 'க்ரூஸர்' என்ற குதிரையை அடக்கிக் காட்டிப் பேர் வாங்கியவர். அவருடைய இன்னொரு உபாயம், முன்னங்கால் ஒன்றை மடக்கித் தோல்பட்டையால் கட்டிவிடுவது. மூன்று காலில் முரண்டு பிடிக்க எந்தக் குதிரைக்கும் நேரம் போதாது. முயலுக்கு மூன்று கால் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைக் கேட்டிருக்கிறோம், இவர் குதிரைக்கே மூன்று கால் ஆக்கினார்.

ஜூன் 5, மாலை 7.00

விட்டுப்போனது. அமெரிக்கர்கள் இத்தகைய குதிரையை 'பாக்கி' என்பார்கள், 'பாக்' என்ற வினையிலிருந்து. அந்தப் பாக்கின் ஆதிப்பொருள் உழாமல் விட்ட மேட்டுக்கோடு, ஏறக்குறைய நம் வரப்பு. வரப்பைத் தாண்டிப் போவது, விட்டுவிடுவது, கடைசியில் வரப்பருகே தயங்கி நிற்பது என்று பொருள் நடந்திருக்கிறது. (கடன் பாக்கிக்கும் இதற்கும் உறவில்லை, வசூலிக்கப் போனால் இரண்டும் நகராது என்பதைத் தவிர.)

ஜூன் 7, காலை 10.30

முந்தாநாள் தனிச்செய்தியில் ஒருவருக்கு 'பொருள் தலைகீழானது' என்று எழுதிவிட்டேன். திரும்பப் பெறுகிறேன்.

தலைகீழ் என்று சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்க எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ். 1909-இல் அவர் போட்ட சொற்பிழைப் பட்டியலில் ரெஸ்ட்லெஸ் என்ற இடத்தில் ரெஸ்டிவ் எழுதுவதைக் கண்டித்து, இரண்டும் நேரெதிர்ச் சொற்கள் என்றார். அகராதிகள் தன் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. 1909-இல் ஒருவர் இவ்வளவு கோபப்படுகிறார் என்றால் அதற்கு முன்பே ஊர் முழுக்க மாற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டது என்று பொருள். யாரும் செய்யாத தவறை யாரும் கண்டிப்பதில்லை.

ஆனால் பியர்ஸ் கவனித்தது அசைவை மட்டும்: அது நிற்கிறது, இது துள்ளுகிறது, ஆகவே எதிர். அசைவை விட்டுவிட்டுக் கடிவாளத்தைப் பாருங்கள். 1755-இலும் குதிரையின் வாயில் கடிவாளம் இருக்கிறது. இன்றைய நல்ல ஆங்கிலத்திலும் இருக்கிறது. தாமதத்தால் கூட்டம் ரெஸ்டிவ் ஆகிறது, கட்டுப்பாட்டின் கீழ் ஊழியர்கள் ரெஸ்டிவ் ஆகிறார்கள். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்தப் பிடி இவர்களுக்குப் பிடிக்கவில்லை. ரெஸ்ட்லெஸ்ஸுக்குப் பிடித்து வைக்கிற கை தேவையில்லை. தூக்கம் வராமல் புரளுகிறவன், ஊர் ஊராகச் சுற்றுகிறவன், அலைபாயும் மனசு, எல்லாம் ரெஸ்ட்லெஸ். நள்ளிரவில் தானாகப் புரளுகிறவனை ரெஸ்டிவ் என்றால் அவனைக் கட்டிலோடு யார் கட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும்.

முன்னே சொன்ன டெஸ்டியும் இங்கே வந்து சேர்கிறது. அதுவும் பிடிவாதத்தில் தொடங்கி எரிச்சலில் முடிந்தது. இழுக்கிறவன் ஒருவன் இருக்கும்வரை இந்த இரண்டும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள்.

ஜூன் 7, இரவு 9.15 (கேட்டவர்)

கட்சி மாறிவிட்டேன். மொழிபெயர்ப்பில் என்ன போடுவது, அதைச் சொல்லுங்கள்.

ஜூன் 8, காலை 6.50

முதலில் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1800-க்கு முன் என்றால் சண்டி, முரண்டு, நகராத என்பதில்தான் தொடங்க வேண்டும். 'ரெஸ்டி' என்ற வடிவம் வந்தால் சோம்பலையும் சோதியுங்கள். 19-ஆம் நூற்றாண்டு நாவல் என்றால் இரண்டுக்கும் கதவு திறந்திருக்கும். அப்போது அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் நாலு வரி படித்து, குதிரை கடைசியில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வண்டி புறப்படவில்லை என்றால் சண்டி. வண்டி குடைசாய்ந்திருந்தால் வேறு.

மனிதர்கள் என்றால் ரெஸ்டிவ்வை அடுத்து வரும் ஆங்கில முன்னிடைச்சொல்லைத் தேடுங்கள். 'அண்டர்' வந்தால் மேலே பாரம் இருக்கிறது: 'கட்டுப்பாட்டைத் தாங்காமல் முரண்டத் தொடங்கினார்கள்'. 'அட்' வந்தால் காரணம் இருக்கிறது: 'தாமதம் கண்டு பொறுமை இழந்தார்கள்'. இரண்டும் இல்லாமல் சும்மா நின்றால் 'திமிறுகிற' என்பதை முதலில் வைத்துப் பாருங்கள். திமிறுவதற்கு ஒரு பிடி வேண்டும். அந்தச் சொல்லுக்குள்ளேயே கடிவாளம் வந்துவிடுகிறது. 'அமைதியற்ற' என்று போட்டால் பிடித்திருக்கும் கை மறைந்துவிடும்.

கை மறைவதில்தான் எனக்குச் சங்கடம். 'ரெஸ்டிவ் மாகாணம்' என்று ஆங்கிலச் செய்தியாளர் எழுதும்போது, அவர் அறிந்தோ அறியாமலோ, மேலே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடுகிறார். தமிழில் 'பதற்றமான மாகாணம்' ஆக்கினால் குதிரைக்கு ஏதோ காய்ச்சல்போல ஆகிவிடுகிறது. அதற்காக 'சண்டித்தனம் செய்யும் மாகாணம்' என்றும் எழுத முடியாது. அது சவுக்கு வைத்திருப்பவன் பேச்சு. 'அடங்க மறுக்கும்' என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 'மத்திய ஆட்சிக்கு அடங்க மறுக்கும்' என்று யாருக்கு என்பதையும் சேர்த்துவிட்டால் இன்னும் நேர்மை.

ஜூன் 8, மாலை 4.00

'பிடிவாதத்துக்கு வேறு விலங்கு கிடையாதா?' என்று கேட்டவருக்கு: மாடு. 'ஸ்டிஃப்நெக்ட்' என்பது எபிரேய வேதத்திலிருந்து வந்த உருவகம், மூலத்தில் 'பிடரி கடினமான'. நுகத்துக்குக் குனியாத மாட்டின் கழுத்து. வில்லியம் டின்டேல் தன் 1526 புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில் இதை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் வேதாகமம் 'வணங்காக் கழுத்துள்ள ஜனங்கள்' என்கிறது. கடினம் என்ற பெயரடையை எடுத்துவிட்டு வணங்காமை என்ற செயலை வைத்தது எவ்வளவு நல்ல முடிவு! ஆங்கிலத்தைவிட நுகத்தடி இதில் நன்றாகத் தெரிகிறது.

இன்னொன்றுக்கு விலங்கே இல்லை: 'ரிஃப்ராக்டரி'. 17-ஆம் நூற்றாண்டில் சொல்பேச்சுக் கேட்காத மனிதனுக்கு வழங்கியது. பிறகு உலைக்கு உருகாத தாதுவுக்குப் போனது, அங்கிருந்து உலைச் செங்கல்லுக்கு. 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் இளகாதிருப்பதற்குத்தான் அந்தச் செங்கல்லுக்குக் காசு. மருத்துவர் சொன்னால் மருந்துக்கு மசியாத வலிப்பு. ஒரே குணம், உலையில் அதற்கு விலை, ஆஸ்பத்திரியில் அதனால் கவலை.

ஜூன் 10, காலை 8.05

ஒருவர் 'சண்டி நின்ற மாடு, சண்டியர் ரகளை செய்கிறவர். தமிழிலும் இதே பயணம்தானே' என்று குதூகலமாக எழுதியிருக்கிறார். ஆசைதான். ஆனால் 'சண்ட' என்று கடுமையைக் குறிக்கும் வடசொல் ஒன்று குறுக்கே இருக்கிறது. சண்டியர் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தாரா, அந்த வழியில் வந்தாரா என்று ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரெஸ்ட் விஷயத்தில் இந்த இழை தொடங்கியதே அந்தத் தவறில்தான். தேதியோடு கூடிய பழைய எடுத்துக்காட்டுகள் கையில் இருந்தால் போடுங்கள், பார்ப்போம்.

ஜூன் 10, காலை 8.20

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் மாறவில்லையா என்ற கேள்விக்கு: மாறவில்லை. அங்கே 'ரெதிஃப்' இன்றும் முரண்டு பிடிக்கிற குதிரைதான், முரண்டு பிடிக்கிற ஆள்தான். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தெருக்களைப் பற்றி எழுதிக் குவித்த ரெஸ்டிஃப் த லா ப்ரெதோன் என்பவருக்கு அதுவே குடும்பப் பெயர். 'சண்டி' என்று வீட்டுப்பெயர் வைத்துக்கொண்டு, நகரமாட்டேன் என்று அடம்பிடிக்காமல், இரவெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த மனிதர்.

ஜூன் 10, காலை 8.25 (கேட்டவர்)

அப்படியானால் அவர் ரெஸ்ட்லெஸ்.

ஜூன் 10, காலை 8.31

ஆமாம். யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை.